ஓட்டப் போட்டிக்கு வந்த துவக்கு

போன சனிக்கிழமை வட்டகொடைப் பக்கம் என் மகளின் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. பிரதம விருந்தினர் ஓர் அரசியல்வாதி. வரட்டும், யார் வேண்டாம் என்றது? மாலைக்குக் குனிந்தபோது சட்டை விலகி, இடுப்பில் கைத்துப்பாக்கி தெரிந்தது. அவருடைய மெய்க்காவலர் நீளத் துவக்கைத் தோளில் தொங்கவிட்டு, முதலாம் வகுப்புப் பிள்ளைகள் ஓட நின்ற கோட்டருகே நின்றார். குழாய் முனை பிள்ளைகளின் தலை உயரத்தில். கிட்டப் போனால் எண்ணெய் வாசம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாசம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் போட்டியைத் தொடங்கி வைப்பதே தோட்டத்தை நடத்திய தொரையின் இரட்டைக் குழல் துவக்குதான். வானத்தைப் பார்த்து ஒரு வெடி. மரத்துக் காக்கைகள் பறக்கும், நாங்கள் ஓடுவோம். நான் ஓடியதை ஓட்டம் என்றால் உங்களுக்கே சிரிப்பு வரும், எப்போதும் கடைசிதான். ஆனாலும் அந்த வெடிக்காகவே வருஷம் முழுக்கக் காத்திருப்பேன். அது பிசகு என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வருஷம் என் பக்கத்துக் கோட்டில் கலா. அவள் குடும்பம் வவுனியாவுக்குப் பிழைக்கப் போய், சண்டைக்குப் பயந்து தோட்டத்து லய வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது. வெடித்ததும் நாங்கள் ஓடினோம். கலா காதைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தாள். பாவாடை நனைந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். தொரையும் சிரித்தபடி, மறுபடி ஓடட்டும் என்று அடுத்த தோட்டாவைப் போட்டார்.

கொழுந்து பறிக்கும் மாரியாயி, கலாவின் அம்மா, நேரே கோட்டுக்கு வந்து நின்றார்.

"தொரை, அத உள்ள வச்சிருங்க. எம்புள்ள ஓட வந்திருக்கு, சாக வரல."

கணக்கப்பிள்ளை பதறினார். "என்னா பேச்சு பேசுற? நாளைக்கு வேலைக்குப் பேரு போடமாட்டாங்க, தெரியுமா?"

"போடாட்டி போகட்டும்ங்க."

மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து தங்கள் பிள்ளைகளைக் கோட்டிலிருந்து இழுத்துக்கொண்டார்கள். ஓட ஆளில்லாமல் தொரை துவக்கோடு தனியே நின்றார். கடைசியில் அதை ஜீப்புக்குக் கொடுத்தனுப்பினார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குத் தப்புப் பறை அடித்துக் கூப்பிடுபவரை அழைத்தார்கள்; அவர் ஓங்கி ஓர் அடி அடிக்க, ஓடினோம். கலா மூன்றாவது. நான் வழக்கம்போல. மாரியாயிக்குக் கொஞ்ச நாள் வேலை இல்லாமல் போனது உண்மை. ஆனால் நான் படித்து முடிக்கும்வரை அந்த மைதானத்துக்குள் துவக்கு வரவில்லை. விழாவுக்கு வரும் பொலிஸ்காரர்கூட கேட்டுக்கு வெளியேதான் நிற்பார்.

சனிக்கிழமை பள்ளிக்கூட அதிபரிடம் போனேன். "சேர், அந்தத் துவக்குக்காரர வெளிய நிக்கச் சொல்லுங்க. சின்னப் புள்ளைங்க நிக்கிறாங்க."

"மெதுவாப் பேசுங்கம்மா. புதுக் கட்டடம் கேட்டிருக்கோம். பாதுகாப்புக்குத்தானே வந்திருக்காரு."

யாருக்குப் பாதுகாப்பு? தாய்மார் பக்கம் திரும்பினேன். ஒருத்தியாவது எழும்ப மாட்டாளா என்றிருந்தது. முன்வரிசையில் இருந்தவள், "மறைக்காம தள்ளுங்கக்கா, துவக்கோட படம் எடுக்கணும்" என்றாள். அவள் மகன் மெய்க்காவலரை ஒட்டி நின்று சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான்.

போய், ஓடக் கோட்டில் நின்ற என் மகளின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். அவள் அழுதாள். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை. ஒரு கோடு காலியாக இருக்க, போட்டி நடந்து முடிந்தது.