அண்ணன் சொல்லாமல் வைத்திருந்த பெயர்

அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் என் வணக்கம். நினைவு மலருக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று அண்ணனோடு வேலை பார்த்த ரங்கப்பா கேட்டபோது, எனக்கு எழுத வராது என்றுதான் சொன்னேன். நான் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தங்கையின் கல்யாணத்தைத் தானே கெடுத்தவர் என்று நம்மவர்கள் முப்பது வருஷமாக அண்ணனைப் பற்றிச் சொல்லி வருகிறார்கள். அது சரியல்ல என்று தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

அண்ணன் பிறந்தது பெங்களூர் அல்சூரில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக் குதிரை லாயத்தில் வேலைக்கு வந்தவர். பிளேக் வந்த வருஷம் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் போனார்கள். அண்ணனுக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். எனக்கு நாலு. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே சோறு பொங்குவாராம். பிறகு மைசூர் சர்க்கார் காட்டிலாகாவில் காவல் பார்க்கும் கார்டாகச் சேர்ந்தார். ஆனேக்கல் ரோட்டிலும் பன்னேர்கட்டா காட்டிலுமே அவர் காலம் போயிற்று. அண்ணி வந்த இரண்டாம் வருஷமே பிரசவத்தில் தவறிவிட்டார். குழந்தையும் தங்கவில்லை. வேறு பெண் பார்க்கலாம் என்று எத்தனையோ பேர் சொல்லியும் அண்ணன் சம்மதிக்கவில்லை.

குட்டி போடும் மாதங்களில் மானைச் சுடக்கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. அதை மீறுகிறவர்களைப் பிடிப்பது அண்ணன் வேலை. யார் மேலும் கை ஓங்கமாட்டார். பிடித்த இடத்திலேயே உட்கார்ந்து, யாரிடம் என்ன பிடிபட்டது என்று மகஜர் எழுதுவார். எழுதியதைப் பிடிபட்டவனுக்குத் தெரிந்த பாஷையில் வாசித்துக் காட்டி, "இதுல எதுனா தப்பா எழுதியிருக்கேனா? சொல்லுப்பா, திருத்திடறேன்" என்று கேட்ட பிறகுதான் கைநாட்டு வாங்குவார். ஒருவன், "முயலு ரெண்டுன்னு போட்டிருக்கீங்க சாமி, மூணு" என்று தானே சொன்னானாம். ரங்கப்பா இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்குப் பதினேழு வயதில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா சர்க்கார் கச்சேரியில் பெரிய குமாஸ்தா. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர். கல்யாணத்துக்கு முதல் நாள், ஆனேக்கல் ரோட்டுச் சுங்கச்சாவடியில், அவருடைய வண்டியில் வைக்கோலுக்கு அடியில் இரண்டு பெண்மான்களை அண்ணன் பிடித்தார். மகஜர் எழுதி, சம்பந்தியிடமே கையெழுத்து வாங்கினார். துப்பாக்கி போயிற்று, அபராதம் விழுந்தது, கல்யாணம் நின்றது. "கூடப் பொறந்தவளைச் சம்பளமில்லாத சமையக்காரியா வெச்சுக்கத்தான் இந்த நாடகம்" என்று பெரியம்மா பந்தலில் நின்றே சொன்னார். அதன் பிறகு நம் வீட்டு விசேஷங்களுக்கு எங்களை யாரும் அழைக்கவில்லை. தீபாவளிக்கு அவரும் நானும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம்.

உண்மையில் நடந்தது இதுதான். பந்தக்கால் நட்ட அன்று மாப்பிள்ளையின் அத்தை சீர்த்தட்டோடு வந்தார்கள். தட்டில் ஒரு பித்தளைத் தூக்கு. அதில் உப்புக்கண்டம்.

"ஆட்டுக்கறின்னு நினைக்காதே பொண்ணே, மானு. விருந்துக்குப் புதுசாவே வருது. எங்கண்ணன் காட்டுக்குப் போறாரு."

"இப்போ சுடக்கூடாதே, அத்தை" என்றேன்.

"உங்கண்ணன் இருக்கற தைரியந்தான்! சம்பந்தியை எவன் பிடிப்பான்?" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள்.

அதற்கு முந்தின வாரம், ஒரே ஒரு மானுக்காக ஜெயிலுக்குப் போனவனின் பெண்சாதி கைக்குழந்தையோடு எங்கள் வாசலில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் அவளுக்குச் சாப்பாடு போடச் சொன்னார். கேஸை விடவில்லை. சாப்பாடு போட்டவள் நான். அவள் முகம் எனக்கு மறக்கவில்லை.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் சொல்லிவிட்டேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"இதை அண்ணங்கிட்ட சொல்றியா, கார்டுகிட்ட சொல்றியா? அண்ணங்கிட்டன்னா நான் காதுல வாங்கல. தூக்கைத் திருப்பி அனுப்பிடலாம்."

"கார்டுகிட்டத்தான்."

"யோசிச்சுச் சொல்லும்மா. இந்தச் சம்பந்தமே போயிடும்."

"அந்தப் பொம்பளை வாசல்ல உக்காந்து அழுதப்போ நீங்க யோசிச்சீங்களா அண்ணா?"

அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "சரி. உன் பேரு எங்கேயும் வராது" என்றார். தகவல் சொன்னவர் பெயரை அவர் மகஜரில் எழுதுவதில்லை, வெளியிலும் சொல்வதில்லை. சொன்னவர்களின் குடிசைக்குத் தீ வைத்த காலம் அது. அந்த வழக்கத்தைச் சொந்த வீட்டிலும் வைத்துக்கொண்டார். பெரியம்மா பேசியபோது நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். பயத்தில் வெளியே வரவில்லை. பின்னால் ஒரு நாள், "நான் சொல்லிடட்டுமா அண்ணா?" என்று கேட்டேன். "சொன்னா உன்னை யாரு கட்டுவாங்க? நானே கெட்டவனா இருந்துட்டுப் போறேன். எனக்கென்ன, மாப்பிள்ளையா பாக்கப் போறாங்க?" என்று சிரித்தார். அப்புறம் என்னைப் பெண் கேட்டும் யாரும் வரவில்லை. வருஷம் போகப் போக, சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, வாழ்நாள் சேவைக்கென்று கூட்டம் போட்டு அண்ணனுக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். என்னையும் வரச் சொன்னார். கூச்சப்பட்டு நான் போகவில்லை. ரங்கப்பா வந்து சொன்னார்: "பெரிய தொரைங்க எல்லாம் இருந்தாங்கக்கா. ரெண்டு வார்த்தை பேசுங்கன்னா, 'நான் பிடிச்சதுல பாதி மத்தவங்க சொல்லித்தான். அவங்க பேரை நான் சொல்லக்கூடாது. அதுல ஒருத்தர் என்னைவிட ரொம்ப இழந்துட்டாங்க. இந்த மெடல் அவங்களுக்குத்தான் சேரணும்'னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. யாருக்கா அது?"

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

கடைசி ஆறு மாதம் அண்ணன் மூச்சு விடச் சிரமப்பட்டார். யுத்த காலமாதலால் மருந்து கிடைப்பது கஷ்டம். கடை கடையாக அலைந்து வாங்கி வந்த ரங்கப்பாவுக்கும், தினமும் கஞ்சி வைத்துக் கொடுத்த அடுத்த வீட்டு மேரியம்மாவுக்கும், கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சுடுகாடு வரை வந்த நம்மவர்கள் சிலருக்கும் என் நன்றி. யாராவது வருகிறார்களா என்று அண்ணன் கடைசி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தகவல் சொன்னவள் நான். அண்ணன்மேல் உங்களுக்கு இருந்த கோபம் என்மேல் இருக்க வேண்டியது. கேட்க நினைப்பதை நேரில் வந்து கேளுங்கள். அதே வீடுதான். பகலெல்லாம் நான் தனியாகத்தான் இருக்கிறேன்.