பதினெட்டரை அடி

தொண்ணூறுகளின் நடுவில், வாலாஜாபாத் சாலையில் ஒரு சாயப்பட்டறைக்குக் கிணறு வெட்டினோம். என் வீட்டுக்காரர் உள்ளே. நான் மேலே ராட்டினத்தில். அவர் மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்புவார். நான் இழுத்துக் கொட்டுவேன்.

முப்பது அடி போனபோது பக்கச் சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்தது. பாதிக் கிணற்றில், செம்மண் முடிந்து சாம்பல் நிறம் தொடங்கும் இடத்திலிருந்து. பார்த்தேன். "ஒதுங்குய்யா!" என்று கத்தினேன். ஒதுங்கினார். தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. கூடையில் போட்டு அனுப்பினார். பலகை மாதிரிக் கல். ஒரு முகத்தில் இலை பதிந்திருந்தது. நரம்பெல்லாம் தெரிந்தது. காம்பு இருக்கவேண்டிய இடத்தில் கல் உடைந்திருந்தது.

பட்டறை முதலாளியின் மகள் கல்லூரியில் படித்தாள். அவள் சொல்லி, மூன்றாம் நாள் வாத்தியார் ஒருவர் மாணவர்களோடு வந்தார். கல்லை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். சீமையில் ஒருவர் கால்வாய்க்கு அளவெடுக்கப் போனாராம். மண் வரிசையாகத்தான் அடுக்கியிருக்கிறது, எந்த அடுக்கில் எந்தக் கிளிஞ்சல் என்று பார்த்தால் எது முந்தியது என்று சொல்லிவிடலாம் என்று கண்டுபிடித்தாராம். பெரிய படிப்பு இல்லாதவர். பெரிய மனிதர்கள் அவரைத் தங்கள் சங்கத்தில் சேர்க்கவில்லையாம்.

பிறகு வாத்தியார் கல்லோடு வைக்க ஒரு சீட்டை எடுத்தார். "எத்தனை அடியில கிடைச்சது?"

"முப்பது. கீழ தரையில இருந்துதான் வந்துது" என்றார் முதலாளி.

வீட்டுக்காரரும் தலையாட்டினார். "ஆமா சார், கீழதான் பொறுக்கினேன்."

வாத்தியார் எழுதிவிட்டார்.

"இல்ல சார்" என்றேன். "நடுச் சொவத்துல இருந்து வுழுந்துது."

"உள்ள இருந்தவரே சொல்றாரும்மா."

"அவரு குனிஞ்சிக்கினு இருந்தாரு. நான் கத்தலன்னா தலையே இருந்திருக்காது. அது எங்கிருந்து வந்துதுன்னு எனக்குத் தெரியாதா?"

முதலாளி சிரித்தார். "வுடு சார். பொம்பள பேச்ச எழுதினா சீட்டு பத்தாது."

மாணவர்களும் சிரித்தார்கள்.

"அந்தக் கால்வாய்க்காரர மதிக்கலன்னு இப்பதான சொன்னீங்க?" என்றேன்.

கல்லை வாத்தியார் கையிலிருந்து வாங்கினேன். கூடையில் ஏறினேன்.

முதலாளி பதறினார். வெட்டுகிற கிணற்றில் பெண் இறங்கினால் ஊற்று மூடிக்கொள்ளும் என்பார்கள். அன்றுவரை நானும் மீறியதில்லை.

"தண்ணி வரலன்னா உன்னத்தான் கேப்பேன்!"

"கேளுங்க."

"வேணாண்டி" என்றார் வீட்டுக்காரர்.

"ராட்டினத்த புடிய்யா. இத்தினி வருசமா உன்ன நான் புடிக்கல?"

இறக்கினார். சாம்பல் அடுக்குக்கு எதிரே நிறுத்தச் சொன்னேன். சுவரில் பள்ளம் இருந்தது. கல்லை அதில் வைத்தேன். அசையாமல் உட்கார்ந்தது. இலையின் காம்பு சுவரிலேயே தங்கியிருந்தது.

"டேப்ப வுடுங்க சார்."

நுனியைப் பள்ளத்தில் பிடித்தேன். மேலே குனிந்து பார்த்த வாத்தியார் சொன்னார்: "பதினெட்டரை."

கல்லோடு மேலே வந்தேன். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நெலம் என்னுது. கண்டெடுத்தது நான்னு எழுது சார்" என்றார் முதலாளி.

வாத்தியார் என்னைப் பார்த்தார்.

"பேரு யாருதுன்னாலும் போட்டுக்கோங்க. அளவு மாறக் கூடாது."

அவர் முப்பதை அடித்துவிட்டு எழுதினார். நான் மூன்றாவது வரைதான் படித்தேன். எண் தெரியும். சீட்டை வாங்கிப் பார்த்தேன். பிறகுதான் கல்லைக் கொடுத்தேன்.