அண்ணனின் சிறுநீர்ப்பையில் தைத்த குடல்

ஜப்பான்காரர் ஆட்சியில் என் அண்ணனுக்கு நடந்த அறுவையைப் பற்றி நான் அவரிடம் பொய் சொன்னேன். மருத்துவர் ஆங்கிலத்தில் விளக்கியதைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான்தான். முக்கியமான பாதியை விழுங்கிவிட்டேன். இதே அறுவைக்குக் காத்திருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் படிக்கட்டும் என்றுதான் இந்த வயதில் எழுதுகிறேன்.

அண்ணன் காஜா பேராங் என்ற மலாய் ஊரில் ஒரு கோயில் மடப்பள்ளியில் நைவேத்தியம் சமைத்தவர். சண்டைக்கு முன்பே காசநோய் அவருடைய ஒரு சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. அதை அகற்றியபின் நோய் அடங்கியது. ஆனால் சிறுநீர்ப்பை தழும்பேறிச் சுருங்கிவிட்டது. ஒரு கை நீர்கூட அதில் தங்காது.

சிறுநீர் கழிக்க வெளியே போய் வந்தவர் கிணற்றடியில் தலை முழுகி ஈர வேட்டியோடுதான் மறுபடி மடப்பள்ளிக்குள் நுழைய வேண்டும். அண்ணன் உலை கொதிப்பதற்குள் பலமுறை முழுகினார். அரிசி கிடைக்காத காலம், சாமிக்கும் மரவள்ளிதான். அது வேகுமுன் அவர் விரல்கள் ஊறி வெளுத்துவிடும்.

“வேற யாராச்சும் சமைக்கட்டுமே” என்பார் அண்ணி.

“சாமி என்னை நிறுத்தச் சொல்லலியே. மூத்திரம்தானே சொல்லுது” என்பார் அண்ணன்.

வெள்ளைக்கார மருத்துவர்களைச் சிறை வைத்தபின் ஆஸ்பத்திரியில் ஒரு சீன மருத்துவர் இருந்தார். மிஞ்சிய சிறுநீரகமும் கெடத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். சிறுகுடலில் ஒரு துண்டை ரத்த ஓட்டம் அறாமல் பிரித்து, விரித்து, சிறுநீர்ப்பையோடு சேர்த்துத் தைக்கலாம் என்றார். இயற்கைத் திசு ஒட்டு (நோயாளியின் உடம்பிலிருந்தே எடுத்துப் பொருத்தும் சதை) என்பது அதுதான்.

“குடல் தன் வழக்கத்தை விடாது. சளி சுரந்துகொண்டே இருக்கும். சிறுநீரில் வெள்ளை இழைகளாக வரும். அது நோயல்ல. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வடிகுழாய் (சிறுநீர் வழியே செலுத்தும் ரப்பர் குழாய்) வைத்து, கொதித்து ஆறிய உப்புநீரால் பையைக் கழுவ வேண்டும். எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லுங்கள்” என்றார்.

“என்னடா சொல்றாரு?” என்று கேட்டார் அண்ணன்.

அண்ணனுக்குக் குடல் என்றால் மலம் போகும் வழி. அதைச் சிறுநீர்ப்பையில் வைத்துத் தைத்த உடம்போடு அவர் மடப்பள்ளிப் படி ஏற மாட்டார். அறுவைக்கே ஒப்ப மாட்டார்.

“பையைப் பெருசாக்கித் தைக்கிறாராம் அண்ணே.”

“துணி பத்தலேன்னா ஒட்டுப் போடுற மாதிரியா? ஒட்டுக்கு எங்கடா போவாரு?”

“அங்கேயே இருக்கிற சதைதான்.”

மருத்துவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது.

அறுவை பலித்தது. சிறுநீர் மணிக்கணக்கில் தங்கியது. அண்ணன் தேறி மடப்பள்ளிக்குத் திரும்பினார். காலையில் ஒரே முழுக்கு. அண்ணி கிணற்றடியில் நின்று அழுததைப் பார்த்தேன்.

வெள்ளை இழைகள் வந்தன. “சீழாடா?” என்றார். “மருந்தோட கசடு அண்ணே. தண்ணி குடிங்க, கழுவுங்க, போயிடும்” என்றேன். கொஞ்ச காலம் நம்பினார். பிறகு, “மருந்தை நிறுத்தி எவ்வளவு நாளாச்சு, இன்னும் என்னடா கசடு?” என்று கேட்டார். நான் வேறு பேச்சு எடுத்தேன்.

காசநோய் திரும்பிவிட்டது, தம்பி மறைக்கிறான் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். சிறுநீர் குறைந்தால் சீழும் குறையும் என்று எண்ணித் தண்ணீர் குடிப்பதை விட்டார். கழுவுவதையும் விட்டார். சளி கெட்டிப்பட்டு வழியை அடைத்தது. ஒரு நண்பகல் கிணற்றடியில் விழுந்தார். அடிவயிறு கல்லாக இருந்தது.

அந்த மருத்துவரை அதற்குள் வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுக் கட்டுபவர் ஒருவர் வடிகுழாய் வைத்து, உப்புநீரை ஏற்றி இறக்கிச் சளிக் கட்டிகளை எடுத்தார். இன்னும் தாமதித்திருந்தால் தையல் பிய்ந்திருக்கும் என்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே, அண்ணியும் இருக்க, எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “இந்த ஒடம்போட உள்ள நின்னு சாமிக்குச் சமைச்சேனே. அதுக்கு யாருடா பதில் சொல்றது?”

“நான்தான் அண்ணே.”

“நீ சமைக்கலியே.”

வீடு திரும்பியபின் அவராகவே மடப்பள்ளியை விட்டார். தண்ணீர் குடித்தார், தவறாமல் கழுவினார். என்னோடு மட்டும் பேசவில்லை. ஒட்டுப் போட்ட பை நிறைந்தாலும் முன்போல உணர்த்தாது. கடிகாரம் பார்த்துத்தான் போக வேண்டும். ஜப்பான்காரர்கள் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். “நான் எந்த ஊரு மணிக்குப் போறதுன்னு ஒன் கொழுந்தன கேளு, படிச்சவனாச்சே” என்று அண்ணியிடம் சொல்லுவார், நான் பக்கத்திலேயே நிற்கும்போது.

சண்டை முடிந்து அந்த மருத்துவர் திரும்பி வந்தார். நான் செய்ததை முதலில் அவரிடம் ஒப்புக்கொண்டேன். பிறகு அண்ணனை அழைத்துப் போய், “நீங்க கேக்கறத அப்படியே கேக்கறேன். அவர் சொல்றத ஒரு சொல் விடாம சொல்றேன்” என்றேன்.

“அந்தத் துண்ட எடுத்துட முடியுமான்னு கேளு.”

கேட்டேன். மருத்துவர் பதில் சொன்னார். அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுக்க முடியாது அண்ணே. எடுத்தா பழையபடி சுருங்கி, சிறுநீரகம் போயிடும். அது கடைசி வரைக்கும் குடலாத்தான் இருக்கும். சளியும் நிக்காது.”

அவர் தலையசைத்தார். “இதத்தான அன்னிக்கும் சொல்லிருக்கணும்?”

“சொல்லிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?”

“மாட்டேன். செத்திருப்பேன். அதுக்காக?”

 

அதன்பின் அவர் என்னோடு பேசினார். மடப்பள்ளிக்குத் திரும்பவில்லை. கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு நடந்துவிடுவார். நேரம் சொல்லும் வேலையை அண்ணியிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன். “நேரமாச்சு அண்ணே” என்பேன். “தெரியும்டா” என்பார். தெரியாது என்பது இருவருக்கும் தெரியும். பல ஆண்டுகள் இப்படிப் போயின.

அவர் போய்விட்டார். என் உடம்பில் யாரும் கத்தி வைத்ததில்லை. ஆனாலும் அவருடைய வேளைகளில் எழுந்துவிடுகிறேன். கழிப்பறை வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிகிறது, எனக்கு வரவில்லை என்று.