மாமனார் ஊர் வழியாகக் குமுளிக்கு

எனக்குக் கல்யாணமான வருஷம் அது. ஐப்பசி பிறந்து, கோர்ட்டுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். வக்கீல் குமாஸ்தாவான நான் மதுரையிலிருந்து குமுளிவரை சைக்கிளில் தனியாகப் போய்வருவதென்று கிளம்பினேன். மலை பார்க்கப் போவதாகச் சொன்னேன்.

"அந்த மலை சின்னமனூரிலயா இருக்கு?" என்றார் சக குமாஸ்தா.

நவராத்திரிக்குப் பிறந்த வீடு போன என் மனைவி சின்னமனூரில்தான் இருந்தாள். அதற்காக என் மலை ஆசை பொய்யாகிவிடாது. பாதியாவது உண்மை.

ஆனால் அந்த வீட்டுக்குள் நான் நுழைய முடியாது. தலைதீபாவளிக்கு மாமனார் தாம்பாளத்தோடு வந்து அழைக்கவேண்டும். அதற்கு முன்னால் போய் நின்றால் பலகாரத்துக்குப் பறந்து வந்தவன் என்று ஆயுசுக்கும் சொல்வார்கள். நுழையாமல் ஊரைத் தாண்டிப் போனாலோ மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டார் என்பார்கள். குமுளிச் சாலை அவர்கள் வாசலை உரசிக்கொண்டு போகிறது. ஆகவே யார் கண்ணிலும் படாமல் போகவேண்டும், போகிறபோக்கில் அவளையும் ஒரு பார்வை பார்த்துவிடவேண்டும். கோர்ட்டில் எத்தனையோ சிக்கலான வழக்குகளைப் பார்த்தவன் அல்லவா, இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன்.

முதல் நாள் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மேட்டில் நான் சைக்கிளில் போனதாகச் சொல்ல முடியாது, சைக்கிளைக் கூட்டிக்கொண்டு போனேன். தேனியில் சத்திரத்தில் படுத்து எழுந்தபோது வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் பச்சை வயல், மலையின் இடுப்பில் மேகம். யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில் வீரபாண்டிவரை பாடிக்கொண்டே போனேன். வரப்பில் மேய்ந்த எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டது.

சின்னமனூர் எல்லையில் இறங்கி, துண்டால் கண்மட்டும் தெரியும்படி முகத்தைச் சுற்றிக் கட்டினேன். மாமனார் வீடு வந்ததும் குனிந்து மிதித்தேன். குனிந்ததில் ஹாண்டில்பாரைத் தவிர எதையும் பார்க்க முடியவில்லை, மனைவியையும் சேர்த்து. ஆனால் யாரும் கூப்பிடவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, சாயங்கால மழைக்கு முன் கம்பம் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை கூடலூர் தாண்டி மலையேற்றம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கும்போது குமுளி பஸ் முனகிக்கொண்டே என்னைக் கடந்தது. ஜன்னலில் ஒரு தலை நீண்டது. என் மாமனார்.

"மாப்ள, நில்லுங்க."

நான் நின்றேன். பஸ் நிற்கவில்லை.

"நிப்பாட்டுனா அப்புறம் வண்டி ஏறாது சாமி, மேல போயி எறங்கிக்கங்க" என்றது டிரைவர் குரல்.

பஸ் வளைவில் மறைந்தது. சற்று நேரத்தில் என் தலைக்கு மேலிருந்த சாலையிலிருந்து குரல் வந்தது. "கோவத்த விடுங்க மாப்ள." அதற்கும் மேலே இன்னொரு வளைவிலிருந்து, "உங்க அத்த பச்சத்தண்ணி குடிக்கல."

குமுளியில் ஒரு சாயாக்கடை வாசலில், வெற்றிலை பாக்கு பழத் தாம்பாளத்தோடு மாமனார் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்ன கொற வச்சோம் மாப்ள? வாச வழியாவே போயிட்டீகளே."

"கோவமெல்லாம் இல்ல மாமா."

"கோவம் இல்லாதவக மொகத்த மூடிக்கிட்டா போவாக?"

"வெயிலுக்கு..."

"ஐப்பசியிலயா?" அவர் என் சைக்கிளைத் தடவிக்கொடுத்தார். "மொகத்த மூடுனீக, சரி. இத மூடலையே. கல்யாணத்துக்கு நான் வாங்கிக் குடுத்த வண்டி, தெருவே கூடிநின்னு பாத்த வண்டியில்ல?"

இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் நான் கட்சிக்காரர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயாக்கடைக்காரர் பெஞ்சைக் கிழக்குமுகமாகத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார். தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஒரு பழத்தைக் கடைக்காரருக்குக் கொடுத்தோம்.

"நீங்க பஸ்ல போங்க மாமா. நான் சைக்கிள்ல எறங்கி வந்துர்றேன்."

"திரும்பவும் வாசலத் தாண்டிப் போயிட்டீகன்னா? எம் மக எங்கன போனாருன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? நானும் வாரேன்."

மலையேறியதே அந்த இறக்கத்துக்காகத்தான். காற்று முகத்தில் அடிக்க, ஒற்றை ஆளாய்ப் பறந்து இறங்க நினைத்திருந்தேன். இப்போது பின்சீட்டில் மாமனார், அவர் மடியில் தாம்பாளம். ஒவ்வொரு வளைவிலும் அவர் இரண்டு செருப்பையும் தரையில் தேய்த்து எனக்கு மூன்றாவது பிரேக்காக உதவினார். எதிரே அரிசி மூட்டையோடு ஏறிய வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"யாரு அங்கன, மாப்பிள்ள அழைப்பா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமப்பா" என்றார் மாமனார், பெருமையாக.

சின்னமனூரில் அத்தை ஆரத்தி சுற்றினார். கை கழுவத் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தாள் என் மனைவி. கோபமாக இருப்பாளோ என்று பயந்துகொண்டே நின்றேன்.

"மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க குனிஞ்சு போனதப் பாத்தேன்" என்றாள்.

"உங்க அப்பாதான் நான் கோவமாப் போனதா நெனச்சுக்கிட்டாரு."

"அவுகளா எங்க நெனச்சாக? நாந்தேன் சொன்னேன், ரொம்பக் கோவமாப் போறாகன்னு."

"நான் கோவமாவா போனேன்?"

"இல்லதேன். ஆனா அப்பா அடுத்த வாரந்தேன் உங்கள அழைக்க வாரதா இருந்தாக" என்று சொல்லி, என் கையில் தண்ணீரை ஊற்றினாள். பாதி சட்டைமேல் விழுந்தது.