கோரஸில் ஒரு குரல்

"பக்திப் பாடல்கள். ஆவணி." ஒலிநாடாவின் உறையில் நீல மையில் இவ்வளவுதான் எழுதியிருந்தது. ஆண்டு இல்லை. ஊரில் இயக்கம் வெளியிட்ட போர்க்காலப் பாடல்கள் எந்தெந்த மாதத்தில் வந்தன என்று சில வருடங்களாகக் குறித்துவருகிறேன். அதைக் கேள்விப்பட்டு, புலம்பெயர்ந்து வந்த இந்த நகரின் மறுகோடியில், ஹென்டர்சனில் இருக்கும் ஒரு அக்கா ஒடாஹுஹுவில் உள்ள என் வீட்டுக்குக் கணவருடன் வந்து அந்த நாடாவைத் தந்தார்.

முதல் இரண்டும் முருகன் பாட்டு. சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் போட்டுப் பார்த்தாலும் பிடிபடக்கூடாதென்று அப்போது பலரும் அப்படித்தான் பதிந்து வைத்தார்கள். மூன்றாவதில் முரசு அதிர்ந்தது. காவலரண்களில் இருந்த இயக்கப் பெடியளுக்குச் சோற்றுப் பொதியோடு போன பாட்டு வகை. சிறுவயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒலிபெருக்கியில் கேட்டால் என் நடையும் தானாக வேகமாகும். இப்போதும் மேசையில் விரல் தாளம் போட்டது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இந்தா, இதில. வரி முடியேக்க இழுக்கிறான் பாருங்கோ. என்ர தம்பி," என்றார் அக்கா.

"பத்துப் பேர் கத்துறாங்கள். அதுக்குள்ள இவவுக்குத் தம்பி கேக்குதாம்," என்றார் கணவர். "நான் கூப்பிட்டாக் குசினிக்குள்ள கேக்காது."

"நீங்கள் கூப்பிடுறது தேத்தண்ணிக்கு. சும்மா இருங்கோ."

சிரித்தோம். பிறகு அக்கா கேட்க வந்ததைக் கேட்டார். சித்திரையில் நடந்த சண்டையில் தம்பி இறந்ததாக இயக்கம் அறிவித்தது. உடல் வரவில்லை. அந்தத் திதியில்தான் இத்தனை வருடமும் திவசம் செய்கிறார். ஆனால் பாட்டின் சரணம் புகழ்வது, அதே ஆண்டு ஆடியில் ஒரு ஆமி முகாம் இயக்கத்திடம் விழுந்த வெற்றியை.

"அப்ப ஆடிக்குப் பிறகும் என்ர தம்பி உயிரோட இருந்திருக்கிறானெல்லே?"

முகாம் விழுந்த மாதத்தில் எனக்குச் சந்தேகமில்லை. பழைய பத்திரிகைகளில் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்றதையும் உடனே சொல்ல வேண்டியிருந்தது. அவசரமாகப் புதுப் பாட்டு வேண்டுமென்றால், பழைய பாட்டின் கோரஸை அப்படியே வைத்துக்கொண்டு சரணத்தை மட்டும் புதிதாகப் பாடிச் சேர்ப்பதும் உண்டு. அந்த வகையில், ஏற்கெனவே செத்துப்போனவர்களின் குரலும் அடுத்த வெற்றியைப் பாடியிருக்கலாம்.

கணவர் இப்போது பகடி விடவில்லை. எழுந்து போய் நாடாவைப் பின்னுக்கு ஓட்டினார்.

"வாற கிழமை திவசம். ஐயருக்குச் சொல்லியாச்சு," என்றார் அக்கா. "செய்யட்டோ, விடட்டோ?"

செய்யுங்கோ என்று வாய் வரை வந்தது. எதை வைத்துச் சொல்வது?

மூன்றாம் நாள் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "திவசம் வேண்டாமெண்டு ஐயரை மறிச்சுப் போட்டா. தம்பி இல்லையெண்டு இனி உவவுக்கு ஆர் சொல்லுறது?" குரலில் கோபம் இருந்தது. என் மேலும்தான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கோரஸ் ஆடிக்குப் பின் புதிதாகப் பாடப்பட்டதா, பழைய பாட்டிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டதா என்பதை, இதை எழுதும் வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.