ஜெய்த்தூன் அக்கா கேட்ட ரசீது

திருவொற்றியூரிலிருந்து எண்ணூருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது அம்மா போன் செய்தார். "தையக்கார அக்கா பூட்டாங்கடி. மதியானம் அடக்கமாம். வர்றியா?" அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். எதிர்ப்பக்கம் போய் பஸ் ஏறாமல் வெகுநேரம் நின்றேன். அந்த வீட்டு வாசலில் நிற்கும் யோக்கியதை எனக்கு உண்டா என்று தெரியவில்லை.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் தையல்கார ஜெய்த்தூன் அக்காவிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்காத வீடு இல்லை. அதனால் இதைப் படிக்கும் தெருக்காரர்களான உங்களில் பலர் அவரை நன்றாக அறிந்தவர்கள். நான் எழுதப்போவது உங்களுக்குத் தெரியாத ஒன்று.

பத்து வருடத்துக்கு முன் நாங்கள் மாடியில் குடியிருந்தோம், அக்கா கீழே. அப்பா தன்னோடு வேலை செய்த ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். கம்பெனியை மூடினார்கள், அந்த மனிதர் காணாமல் போனார், கோர்ட்டு உத்தரவோடு சாமான்களை ஜப்தி செய்யும் கோர்ட்டு ஊழியரான அமீனா எங்கள் வீட்டுக்கு வந்தார். "வண்டி வாடகை, ஆள் கூலி குடுத்துட்டா இன்னிக்கு எதையும் எறக்கல" என்றார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே யார் காதிலும் விழுவதற்குள் அமீனா போய்விட வேண்டும் என்பது மட்டுமே என் நினைப்பு. முந்நூறு ரூபாயை அவர் கையில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

அடுத்த வாரம் அதே அமீனா, கீழ்வீட்டில் ஏதோ கடன் பாக்கிக்காக அக்காவின் தையல் மெஷினை எடுக்க வந்தார். நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன்.

"தொழில் செய்ற சாமான ஜப்தி பண்ணக் கூடாது நைனா. வக்கீல் வூட்டம்மாகிட்ட கேட்டுகினுதான் கீறேன்."

"அப்ப வண்டி வாடகைய குடு."

அக்கா தெருவை எட்டிப் பார்த்தார். "வண்டி எங்க கீது? மீன்காரம்மா கூடைதான் கீது. அதுக்கா வாடகை?"

"இந்தா, என் கூடைய ஏன் இசுக்கிற?" என்றார் மீன்காரம்மா. தெருவே சிரித்தது.

"சரி, தர்றேன்" என்றார் அக்கா. " வாங்கினேன்னு ரசீது எழுதி கையெழுத்து போடு. உன் செலவுக்கெல்லாம் கேஸ் போட்டவன் கோர்ட்டுல முன்னாடியே கட்டிட்டானாமே?"

அமீனா எழுதவில்லை. போய்விட்டார்.

அன்று மாலை அக்கா மேலே வந்தார். "உங்க வூட்லயும் வாங்கிட்டான் இல்ல? எனக்குத் தெரியும் கண்ணு. போன தபா நானும் கம்முனு குடுத்தவதான். அவன் வண்டிக்கா கேக்குறான்? பக்கத்து வூட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு பயப்படுறோமே, அதுக்குக் கேக்குறான்." அமீனா மேல் அக்கா கொடுத்த புகார் மனுவை நான்தான் எழுதினேன். விசாரணையில் நானும் சாட்சி சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

அந்த வாரம் பெரம்பூரிலிருந்து என் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். "அமீனா வந்த வூடுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?" என்றார் அப்பா. சாட்சி சொல்லாதே என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அமீனா உங்கள் வீட்டிலும் பணம் வாங்கினாரா என்று விசாரணையில் அதிகாரி என்னிடம் கேட்டார். "எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை" என்றேன். என் கையெழுத்தில் இருந்த மனு அவர் மேசைமேல் கிடந்தது. அமீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெய்த்தூன் அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தையலில் எங்கே பிசகியது என்று தேடுகிற பார்வை அது.

பொய்ப் புகார் என்று முடித்தார்கள். அரசு ஊழியரைத் தடுத்ததாக அக்கா மேல் வழக்கு வந்தது. எட்டு மாதம் கோர்ட்டுக்கு அலைந்தார். அந்த நாட்களில் மெஷின் ஓடவில்லை. அமீனா அடுத்த தெருவிலும் வராத வண்டிக்கு வாடகை வாங்கினார்.

என் அக்காவின் கல்யாண ரவிக்கைத் துணியோடு அம்மா என்னைத்தான் கீழே அனுப்பினார். அதுவரை ஜெய்த்தூன் அக்கா என்னிடம் பேசவில்லை. துணியை விரித்துப் பார்த்தார். "உங்க அக்காவுக்கு டைட்டா வேணுமா, லூசா? இதையாவது உள்ளபடி சொல்லு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. நாங்கள் வீடு மாறும்வரை தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் போனேன். ஒருநாளும் கேட்கவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். வீட்டுக்குள் பெண்களோடு பெண்ணாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். "பாவம், நல்லவ. ஆனா கோர்ட்டுல பொய்க் கேஸ் போட்டு மாட்டிக்கினா" என்றார் பக்கத்தில் ஒருவர். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அவருடைய துணிவில் கொஞ்சம் எனக்கும் வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. எந்த அலுவலகத்திலும் காசு கொடுத்தால் ரசீது கேட்கிறேன். அது அவருடையது. கேட்கும்போது குரல் இறங்கிவிடுகிறது. அது என்னுடையது.

என் அக்காவின் புகுந்த வீட்டார் இதைப் படிக்கக்கூடும். படிக்கட்டும். ஜெய்த்தூன் அக்கா பொய்ப் புகார் கொடுக்கவில்லை. அமீனா எங்கள் வீட்டுக்கு வந்தார், பணம் கேட்டார், வாங்கினார். கொடுத்தவள் நான்.