மடியில் வைத்தால் பாரமில்லை

நான் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள். எட்டுப் பேருடைய நிறையைக் கூட்டுவதில் நான் பிழை விட்டேன் என்று எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கூட்டலில் பிழை இல்லை. நான் எழுதிய எண்களில் ஒன்று பொய். அதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அக்காவின் மகளுக்குக் கொழும்பில் கலியாணம் என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில்தான் பந்தல் போடுவார்கள். ஆனால் மாப்பிள்ளையின் ஆட்கள் எல்லாரும் கனடாவிலிருந்து சில நாள் லீவில் வந்து போகிறவர்கள். சரி, கொழும்பு என்றால் கொழும்பு என்று அக்கா விட்டுக்கொடுத்தாள். அவளுக்கு முதுகில் ஒப்பரேஷன் செய்து அப்போது இரண்டு மாதம். வான் பிடித்து றோட்டால் போவதென்றால் ஏழெட்டு மணித்தியாலம் குந்தியிருக்க வேண்டும். டொக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பெற்ற தாய் இல்லாமல் தாலி ஏறப் போகிறது என்று குருக்கள்மடத்தில் அக்கா வீட்டில் ஒரு கிழமையாக யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை கனடாவிலிருந்து கதைத்தார். மட்டக்களப்பிலிருந்து ஒரு சின்ன விமானத்தை நமக்கென்று தனியாகப் பிடிக்கலாம், எட்டுப் பேர் போகலாம், காலையில் போய்ப் பின்னேரமே திரும்பி வரலாம், அது தன்னுடைய பொறுப்பு என்றார். ஒரு மணித்தியாலப் பயணம் என்றதும் டொக்டரும் தலையாட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை. அக்கா நிற்கும்போதும் நடக்கும்போதும் ஒருவர் கூடவே இருந்து தாங்க வேண்டும்.

"என்னை அவதான் பிடிக்கணும். வேற ஆர்ர தோளையும் பிடிச்சு நான் மணவறைக்கு ஏற மாட்டன்," என்று அக்கா என்னைக் காட்டினாள்.

மாமா, அதாவது எங்கள் அம்மாவின் தம்பி, ஊர் முழுக்க "எங்கட ஜெட்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். வான் பிடிப்பது மாதிரித்தான் அவருக்கு இதுவும். எட்டுப் பேர் என்றால் பத்துப் பேர், கொஞ்சம் நெருக்கி இருந்தால் பன்னிரண்டு. "சின்னாக்கள மடியில வைக்கலாம்தானே மகள்?" என்று கேட்டார். விமானக் கம்பனியிலிருந்து ஒரு பெண்பிள்ளை எனக்குப் போன் எடுத்து, ஒவ்வொருவருடைய நிறையையும் கிலோவில் எழுதி அனுப்பச் சொன்ன பிறகுதான் அந்தக் கதை நின்றது.

நிறை கேட்டால் உண்மை சொல்கிற சாதியா எங்கள் சாதிசனம்? தம்பியின் பெண்சாதி, தொண்ணூறு கிலோ மச்சாள், போனில் எழுபது என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி வேலை செய்கிற நெல் மில்லுக்கு எல்லாரையும் வரச் சொன்னேன். மூட்டை நிறுக்கிற தராசில் ஒவ்வொருவராக ஏற்றினேன்.

"என்னை நெல்லு மூட்டையெண்டு நினைச்சியா?" என்றார் மாமா.

"மூட்டையெண்டா வாய் பேசாது, ஏறுங்க," என்றேன்.

மச்சாள் வளையல், தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி மாமியின் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள். அத்தான், அத்தானின் தமக்கை, மாமி, தம்பி எல்லாரையும் நிறுத்தாயிற்று. அக்காவால் மில்லுக்கு வர ஏலாது. அவளுடைய பழைய கிளினிக் கார்டில் அறுபத்தெட்டு என்று இருந்தது, அதை எழுதினேன். கடைசியாக என்னுடைய பெயர். எழுதுகிறவளைத் தராசில் ஏறச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. அறுபத்தைந்து என்று எழுதினேன். அது நான் பென்சன் எடுத்த வருடத்து நிறை. ஒரு பேச்சுக்கு எழுதியது, வேறொன்றுமில்லை.

கலியாணச் சாமான் முழுவதும் முதல் நாளே பெண்ணோடும் மற்ற ஆட்களோடும் வான் ஒன்றில் போய்விட்டது. விமானத்துக்கு வெறும் கையோடு வர வேண்டும் என்று எட்டுத் தடவை சொல்லியிருந்தேன். கலியாணத்தன்று விடிந்ததும் நான் தன்னாமுனையில் என் வீட்டிலிருந்து ஓட்டோவில் விமான நிலையத்துக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் குருக்கள்மடத்து ஆட்கள் வான் ஒன்றில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் மண்ணாலான தயிர் முட்டி. எண்ணினேன், பத்து. இரவே உறைய வைத்த எருமைத் தயிர், வாயில் வாழையிலை போட்டுச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது.

"இது என்ன?"

"சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடயா போற?" என்றாள் மாமி.

"நிறை கூடிப் போகும் எண்டு சொன்னனே?"

மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இது சாமான் இல்ல மகள். மடியில வைக்கிறது. மடியில வைக்கிறதுக்கு பஸ்ஸில ரிக்கெட் கேக்கிறாங்களா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். கணக்கு ரீச்சர் நான் மட்டும் திரும்பவும் முட்டிகளை எண்ணினேன். இதற்கிடையில் மாமா கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானத்தைக் கண்டுவிட்டார். "ஜெட் எண்டாய், முன்னுக்கு ஃபேன் எல்லோ பூட்டிக் கிடக்கு?" என்று என்னையே குற்றம் சாட்டினார்.

விமானக் கம்பனிப் பிள்ளை, போனில் கதைத்த அதே பிள்ளைதான், எங்களை வரிசையில் விட்டு, கையில் இருப்பதோடு தராசில் ஏறச் சொன்னாள். அக்கா சக்கர நாற்காலியில் இருந்தாள். அவளை எழுப்பி வருத்த வேண்டாம், லிஸ்டில் உள்ளதையே போடுகிறேன் என்றாள். நல்ல மனம். கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அன்ரி, முப்பத்தொரு கிலோ கூட. இப்பிடியே எடுக்க ஏலாது."

பத்து முட்டியும் இறங்கின. அது இருபது கிலோ. மாமா செருப்பைக் கழற்றிக் காட்டினார், மச்சாள் மறுபடி தோட்டில் கை வைத்தாள். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே லிஸ்டைத் திருப்பி என் பக்கம் நீட்டினாள். "மற்ற ஆக்கள் எல்லாம் சரி அன்ரி. ஒராள்தான் எழுதினதுக்கும் நிறுத்ததுக்கும் பதினொரு கிலோ வித்தியாசம்." விரல் என் பெயரில் இருந்தது.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. மில்லில் நான் போட்ட சத்தம் எல்லாம் திரும்பி என் முன்னால் வந்து நின்றது.

"இப்ப ரீச்சர ஆர் முழங்கால்ல நிக்க விடுற?" என்றான் தம்பி.

யாரும் அதிகம் சிரிக்கவில்லை. ஒராள் நின்றால்தான் மற்றவர்கள் போகலாம் என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பதினொன்றரைக்கு முகூர்த்தம். நிற்கிறவர் பஸ்ஸில் போய்ச் சேரும்போது கலியாணம் முடிந்திருக்கும். தான் நிற்கிறேன் என்றான் தம்பி. பெண்ணுக்குத் தாய்மாமன் அவன். அவன் இல்லாமல் எப்படி? பிழை விட்டது நான். நான்தான் நிற்க வேண்டும். சொல்லிவிட்டேன். சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்து, வெளியே நின்ற விமானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அவ இல்லாட்டி நானும் இல்ல," என்றாள் அக்கா.

"அக்கா, புள்ளைக்குத் தாலி ஏறப் போகுது. அடம்பிடிக்காதீங்க."

அவள் என்னைக் கவனிக்கவில்லை. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாள். "மகள், என்னையும் ஒருக்கா நிறுத்துப் பாருங்க."

"தேவையில்ல அம்மா, உங்கட நிறை லிஸ்டில கிடக்கு."

"அது பழைய கார்டு. நிறுங்க."

அத்தான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தராசில் நிறுத்தினோம். ஒரு விநாடி கையை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். ஐம்பத்திரண்டு.

அந்தப் பிள்ளை இரண்டு தடவை பார்த்தாள். நான் மூன்று தடவை பார்த்தேன். வாரத்தில் இரண்டு தடவை தன்னாமுனையிலிருந்து போய், பக்கத்தில் இருந்து, கதைத்து, சாப்பிட்டுவிட்டு வருகிறவள் நான். சேலைக்குள் பதினாறு கிலோ காணாமல் போனது என் கண்ணில் படவில்லை. அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"சரி அன்ரி, எல்லாரும் போகலாம்," என்றாள் அந்தப் பிள்ளை சந்தோஷமாக. "இன்னும் அஞ்சு கிலோ இடமிருக்கு."

அஞ்சு கிலோ என்றதும் மாமா ஓடிப்போய் இரண்டு முட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மற்ற எட்டையும் விமான நிலையத்து ஆட்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

விமானம் எழும்பியபோது மாமி கண்ணை மூடிக்கொண்டு அம்மனைக் கூப்பிட்டாள். கீழே வாவி முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. தோணிகள் தூவிவிட்ட மிளகு மாதிரி இருந்தன. தம்பி தன்னுடைய வயல் வட்டையைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி எல்லாரையும் ஜன்னல் பக்கம் இழுத்தான். இரைச்சலுக்குள் நான் அக்காவின் காதுக்குள் கேட்டேன்.

"ஏன் சொல்லல்ல?"

அவள் வாவியைப் பார்த்துக்கொண்டே என் கையைத் தட்டினாள். "டொக்டர் பயமில்ல எண்டுட்டார். நோவில சாப்பிடல்ல, அவ்வளவுதான். பாத்தியா, உனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கன்."

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கோபம் போய்விட்டது. மலையெல்லாம் தாண்டும் வரை கையை விடவில்லை.

கலியாணம் குறையில்லாமல் நடந்தது. தாலி ஏறும் வரை அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் காலில் விழுந்தபோது குனிய ஏலாமல், என் கையை எடுத்து அவளுடைய தலையில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்தாள். அந்த நிமிடம் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் ஒரு முட்டியைச் சம்பந்தி வீட்டாருக்குக் கொடுத்தோம். மற்றதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, இனிப்புப் பாணி விட்டு, சின்னப் பிள்ளைக்குத் தீத்துவது மாதிரி ஒவ்வொரு கரண்டியாகத் தீத்தினேன். போதும் என்றாள். இன்னொரு கரண்டி வைத்தேன்.

"இப்பிடித் தீத்தினா, பின்னேரம் திரும்பிப் போகக்குள்ள நீ பஸ்ஸிலதான் வரணும்," என்றாள், வாய் நிறையத் தயிரோடு.

"பஸ்ஸிலேயே வாறன். நீங்க சாப்பிடுங்க," என்றேன்.